கறுப்புத் திரையில் நான்கு வரிகள்

"அண்ணே, லேப்டாப்பைப் போட்டா கறுப்புத் திரையில என்னென்னமோ எழுத்து வருது. எல்லாம் அழிஞ்சுபோச்சா?" மன்னார்குடியிலிருந்து போனில் கேட்டாள் சித்தி மகள். ஒன்றும் அழியவில்லை, 30 நொடி எதையும் தொடாமல் இரு என்றேன். அதில் இருக்கும் உபுண்டு, அதாவது விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் ஒரு லினக்ஸ் வகை, தானாகத் திறந்துகொண்டது.

அவள் பார்த்தது, எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் கிரப்பின் பட்டியல். லினக்ஸின் கருவான கெர்னலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றிவிடும் சிறு நிரல்தான் கிரப். தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அங்கே எது வேண்டும் என்று கேட்டாக வேண்டும். உபுண்டு மட்டும் இருந்தால் கேட்க என்ன இருக்கிறது? அதனால் பட்டியலை மறைத்துவிடுகிறார்கள். புதியவர்களுக்கு அதுவே நல்லது.

அன்றைக்கு மட்டும் ஏன் வந்தது? கரண்ட் போனதால். அவள் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. கெர்னலை ஏற்றும் முன் கிரப் வட்டில் 'ரெக்கார்டுஃபெயில்' என்று ஒரு குறி வைக்கிறது. உபுண்டு எழுந்து நின்றதும் அந்தக் குறியை அழிக்கும். நடுவில் கரண்ட் போனால் குறி அப்படியே கிடக்கும். அடுத்த முறை அதைப் பார்க்கும் கிரப், போன தடவை ஏதோ கோளாறு என்று பட்டியலைக் காட்டுகிறது. கல்லணையில் வெள்ளம் மிஞ்சும்போது கொள்ளிடம் பக்கம் ஷட்டரைத் தூக்குகிற மாதிரி.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. திரையில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற நிரல் கெட்டுப்போனால் உள்ளே எல்லாம் ஓடும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். உபுண்டுவோ எழுந்துவிட்டதாக நினைத்துக் குறியை அழித்துவிடும். பட்டியல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வராது. 2018-ல் வந்த ஃபெடோரா 29 என்ற இன்னொரு லினக்ஸ் இதை இன்னும் நன்றாக யோசித்திருக்கிறது: ஒருவர் உள்நுழைந்து 2 நிமிடம் இருந்தால்தான் கணினி சரியாக எழுந்தது என்று அது கணக்கில் கொள்ளும்.

மறைப்பது சரி, ஆனால் திறக்கும் வழியைச் சொல்லாமல் மறைப்பது தப்பு. நிறுவும்போதே ஒரு வரி காட்டினால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவள் லேப்டாப்பில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "திரை இருட்டாகவே இருந்தால், ஆன் செய்ததும் எஸ்கேப் ஒரே ஒரு தட்டு. பட்டியல் வரும். அதன் இரண்டாவது வரிக்குள் பழைய கெர்னல் இருக்கும், அதைத் தேர்ந்தெடு." ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல் பயாஸ் என்ற பழைய வகையாக இருக்கும் கணினி என்றால் எஸ்கேப்புக்குப் பதில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.