ஏகே ரகத் துப்பாக்கி: மேகசினைக் கழற்றினால் மட்டும் காலியாகிவிடாது

ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பராமரித்துப் பழுது பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்றபின், ஆயுதக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஏகே துப்பாக்கியில் டம்மி ரவுண்டு (வெடிக்காத பயிற்சித் தோட்டா) போட்டுக் கையில் கொடுத்து, "காலி செய்து காட்டுங்கள்" என்றால், புதிதாக வருபவர்களில் பலர் முதலில் போல்ட்டைப் பின்னால் இழுக்கும் பிடியான காக்கிங் ஹேண்டிலை இழுக்கிறார்கள், அப்புறம்தான் தோட்டாக்கள் இருக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுகிறார்கள். சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழல் அறையில், இருந்த ரவுண்டு தெறித்துக் கீழே விழுகிறது. அதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் சேம்பரை அடைக்கும் பாகமான போல்ட் திரும்ப முன்னால் போனபோதே மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் வைத்துவிட்டது. நிஜ ரவுண்டாக இருந்தால், டிரிக்கரை அழுத்தியதும் வெடிக்கும். டம்மி இல்லாத நாளில் இதே கை இதே வரிசையில்தான் வேலை செய்யும் என்பதுதான் என் கவலை.

இந்தத் துப்பாக்கியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் கவனம் தானாக வரும். கலாஷ்னிகோவ் வடிவமைத்ததை சோவியத் ராணுவம் 1949ல் ஏற்றுக்கொண்டது. வெடிப்பில் வரும் வாயு ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டனும், போல்ட்டைச் சுமந்து நகரும் போல்ட் கேரியரும் ஒன்றாகப் பிணைந்த கனமான பாகம். பாகங்களுக்கிடையே தாராளமாக இடம் விட்டிருப்பதால் மண், தூசி பட்டாலும் இயங்குகிறது. வலப்பக்கம் இருக்கும் நீளமான தகட்டு லீவர்தான் சேஃப்டி. மேலே ஏற்றினால் டிரிக்கரைத் தடுக்கும், ஹேண்டில் ஓடும் திறப்பையும் மூடித் தூசியைத் தடுக்கும்.

சிக்கலும் அங்கேதான். லீவர் மேலே இருக்கும்வரை ஹேண்டிலை முழுதாக இழுக்க முடியாது. அதாவது, சேம்பரை முழுதாகத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் சேஃப்டியை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் முதலில் வரும் நிலை ஆட்டோமேட்டிக் (அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும்), கடைசியாகக் கீழே இருப்பதுதான் சிங்கிள் (ஒரு அழுத்தத்துக்கு ஒரு தோட்டா). பதற்றத்தில் பாதியில் நிறுத்தியவர் விரலையும் டிரிக்கரில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: அமெரிக்க ரைபிளான எம்16ல் கடைசி ரவுண்டு போனதும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும். ஏகேயில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பார்வைக்கு நிறைந்ததும் காலியானதும் ஒன்றுதான்.

1959ல் தகட்டு உடலோடு, எடை குறைந்து ஏகேஎம் வந்தது. அதே இயக்கத்தில் நீண்ட, தடித்த குழலோடு ஆர்பிகே என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி. 1974ல் 5.45 மி.மீ. தோட்டாவுக்கு மாறிய ஏகே-74, அதன் குட்டை வடிவமான ஏகேஎஸ்-74யு. இப்போது உத்தரப் பிரதேசம், அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் தயாராகும் 7.62 மி.மீ. ஏகே-203. பெயர் மாறினாலும் லீவர் வரிசை இவற்றில் ஒன்றுதான், ஆகவே ஒன்றில் பழகிய நல்ல பழக்கம் எல்லாவற்றுக்கும் உதவும். செக் நாட்டு விஇசட்-58ஐ மட்டும் ஏகே என்று நினைத்துத் தொடாதீர்கள். வெளித்தோற்றம் அப்படியே ஏகே, உள்ளே முற்றிலும் வேறு. மேகசின்கூடப் பொருந்தாது.

சரி, ஏகேயைக் காலி செய்யும் வரிசை இதுதான். குழல் முனை பாதுகாப்பான திசையில், விரல் டிரிக்கருக்கு வெளியே. முதலில் மேகசின் கழல வேண்டும். பிறகு லீவரைக் கடைசி வரை கீழே இறக்குங்கள். ஹேண்டிலை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதற்கப்புறம்தான் போல்ட்டை விட்டு, திசையை மறுபடி சரிபார்த்து டிரிக்கரை அழுத்தி, லீவரை மேலே ஏற்ற வேண்டும்.