ரிலையபிள்னா நம்பகமானதா?

கேம் எழுதுறவங்க ஈநெட் (ஆன்லைன் கேம்களுக்கான நெட்வொர்க் லைப்ரரி) மாதிரி லைப்ரரில பாக்கெட், அதாவது சின்ன டேட்டா பொட்டலம், அனுப்பும்போது அதை எப்படி அனுப்பணும்னு சொல்ற ஒரு ஃப்ளாக் குடுப்பாங்கல்ல, அதுல ரிலையபிள்னு ஒண்ணு இருக்கு, தமிழ்ல பெரும்பாலும் 'நம்பகமான'னு எழுதிடுறாங்க. எனக்கு இது ஒட்டவே மாட்டேங்குது.

ஏன்னா ஒண்ணு நம்பகமானதுன்னா மத்தது நம்ப முடியாதது, அதாவது மட்டமான சரக்குன்னு மனசு தானா முடிவு பண்ணிடும். நானும் அப்படி நினைச்சுதான் முதல் கேம்ல ஆள் நிக்கிற இடத்தைக்கூட செகண்டுக்கு 20 தடவை ரிலையபிள்ல அனுப்பினேன், மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டினா ஆள் சிலையா நின்னுட்டு திடீர்னு நாலடி தள்ளி குதிக்கிறான். ஒரு பாக்கெட் தொலைஞ்சா அது திரும்ப வந்து சேர்ற வரைக்கும் அதே சேனல்ல (ஒரே கனெக்‌ஷனுக்குள்ள தனியா ஓடுற பாதை) பின்னாடி வந்ததெல்லாம் கியூல நிக்கும், அதான் விஷயம்.

அடியில ஓடுறது யூடிபி, நெட்ல டேட்டா அனுப்ப 1980ல வந்த நெறிமுறை, அனுப்புறதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. மேல ஈநெட் என்ன பண்ணுதுன்னா, கிடைச்சுதுன்னு எதிர்பக்கத்துலேர்ந்து ஒப்புகை வரலைன்னா திரும்ப திரும்ப அனுப்பும், ரொம்ப நேரம் பதிலே இல்லைன்னா கனெக்‌ஷனையே அறுத்துடும். சீக்கிரம் வரும்னு எந்த வாக்கும் கிடையாது.

சொல்லோட வேரைப் பார்த்தா, ரிலைங்கிறது லத்தீன்ல ரெலிகாரே, இழுத்துக் கட்டுறது, அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, நம்புறதுங்கிற அர்த்தம் பின்னாடி ஏறினது. நம்ம 'நம்பு'வும் லேசுப்பட்டது இல்ல, தொல்காப்பியம் 'நம்பும் மேவும் நசையாகும்மே'ங்குது, நசைன்னா ஆசை, அப்போ நம்புறதுன்னா விரும்புறதுதான். ரெண்டு மொழியிலயும் நம்பிக்கை லேட்டா வந்த விருந்தாளி போல!

கட்டிப் பிடிக்கிற அந்தப் பழைய அர்த்தத்துக்கு நம்மகிட்ட 'விடாப்பிடி' இருக்கே. டாக்குமென்ட்ல எழுதணும்னா 'உறுதிச் சேர்ப்பு'ன்னு போடலாம், பேச்சுல விடாப்பிடி பாக்கெட். சாட் மெசேஜ், கதவு திறந்தது, ஆள் செத்தது எல்லாம் விடாப்பிடி.

ஆள் நகர்றதுக்கு ஃப்ளாக்கே வேணாம், அந்த இடத்துல சும்மா சைபர் (0) போதும். அதுல தொலைஞ்சது தொலைஞ்சதுதான், ஆனா வரிசை மாறாது, லேட்டா வந்த பழசைத் தூக்கிப் போட்டுடும். இதை 'அன்ரிலையபிள்'னு திட்டுறதுக்குப் பதிலா 'ஒருதரச் சேர்ப்பு' (ஒரே ஒரு தடவை அனுப்புறது)ன்னு சொல்லிப் பாருங்க, யாரும் பயந்துக்கிட்டு ஒதுக்க மாட்டாங்க. வரிசையைக் கண்டுக்காம வந்தபடியே குடுக்குற அன்சீக்வென்ஸ்டுங்கிற இன்னொரு ஃப்ளாக்குக்கு 'வரிசையிலா'வே சரியா இருக்கு, அதை விடாப்பிடியோட சேர்த்துக் குடுக்க ஈநெட்ல வழியில்ல.