ஐ5-ஆ, ஐ7-ஆ என்பதற்கு முன்னால் சாக்கெட்டைக் கேளுங்கள்

வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சு எழும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் விசாரித்தால் "ஐ7 இருக்கு, குறைஞ்ச விலைதான்" என்பார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) வரிசைகள். எந்தத் தலைமுறை ஐ7 என்று கட்டாயம் கேளுங்கள். 2012-இல் வந்த ஐ7-3770-க்கு நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதேதான். ஆனால் வேகத்தில் அந்த ஐ3 வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பெயரில் சிறுகோட்டுக்கு அடுத்து வரும் 3, 12 என்பவைதான் தலைமுறை எண்கள்.

பிராசசர் போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெலில் பெரும்பாலும் இரண்டு, மூன்று தலைமுறைக்கு ஒருமுறை அதுவும் மாறும். எல்.ஜி.ஏ 1700 என்ற இன்டெல் சாக்கெட்டில் 1700 தொடுபுள்ளிகள் (பின்கள்). இத்தனை எதற்கு? பெரும்பகுதி மின்சாரத்துக்கு. 65 வாட் பிராசசர் ஏறக்குறைய 1.2 வோல்ட்டில் ஓடினால் 54 ஆம்பியர் தேவை. வீட்டில் சுற்றும் 75 வாட் மின்விசிறி 230 வோல்ட்டில் இழுப்பது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். தலைமுடி போன்ற ஒரு பின் 54 ஆம்பியரைத் தாங்காது. அதனால் நூற்றுக்கணக்கான பின்களில் பகிர்ந்து அனுப்புகிறார்கள். மீதிப் பின்களில் ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி போன்றவற்றுக்கான இணைப்புகள்.

ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்று பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ரேம் வகை மாறும்போது சாக்கெட்டும் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி-யின் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.4 வகை ரேம், 2022-இல் வந்த ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 மட்டும். இன்டெலின் 1700-இல் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனி மதர்போர்டுகள் உண்டு, ஆனால் ஒரு வகைக்கான ஸ்லாட்டில் மற்றது நுழையாது.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். இன்டெலின் 1151 இதற்கு மோசமான உதாரணம். 6, 7-ஆம் தலைமுறைக்கு வந்த எச்110 போர்டில் 8-ஆம் தலைமுறை ஐ3-8100 அழகாகப் பொருந்தும், கம்ப்யூட்டர் கிளம்பாது. பின்களின் வேலைப் பங்கீட்டை மாற்றிவிட்டார்கள். அதற்கு எச்310 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். விண்டோஸ் 11-க்கும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசசர் பட்டியல் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே பழையது வாங்குபவர்கள் இந்த எல்லையை மறக்கக்கூடாது.

இந்த விஷயத்தில் ஏ.எம்.டி-யை மனதாரப் பாராட்டுவேன். 2017-இல் வந்த அவர்களின் முதல் ரைசன் பிராசசரும் 2024-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்.டி-யும் அதே ஏ.எம்.4 சாக்கெட்தான். பி450 என்ற ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர் பயாஸை (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளை) புதுப்பித்து ரைசன் 5000 வரிசைக்குத் தாவலாம். சிறிய பட்ஜெட்டில் இது பெரிய உதவி. ஆனால் பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

அப்புறம் பிராசசர் பெயரின் கடைசி எழுத்து. இன்டெலில் எஃப் என்றிருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசனில் ஜி இருந்தால் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும்.

ஏ.எம்.4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். இன்டெலிலும் ஏ.எம்.5-இலும் அவை போர்டில் இருக்கும். அதனால் பழைய இன்டெல் போர்டு வாங்கும்போது பிராசசரைக் கழற்றச் சொல்லி, செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் பாருங்கள். ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு பக்க ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். எல்லா ஸ்லாட்டிலும் ரேம் போட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.