லேயர் = அடுக்கு: டிஜிட்டல் ஓவியத்தின் முதல் சொல்

கணினியிலோ கைப்பேசியிலோ புதிதாக வரையத் தொடங்குபவர் முதல் நாளிலேயே எதிர்கொள்ளும் சொல் லேயர். கிரிட்டா, ஐபிஸ்பெயின்ட், புரோகிரியேட், ஃபோட்டோஷாப் என எந்தச் செயலியைத் திறந்தாலும் இந்தப் பெயரில் ஒரு பட்டியல் இருக்கும். தூரிகை வகைகளைப் பிறகு நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கினால் பாதி வண்ணத்திலேயே படம் சிக்கிக்கொள்ளும்.

படத்தின் அளவே உள்ள, நிறமற்ற, ஊடாகப் பார்க்கக்கூடிய ஒரு பரப்புதான் லேயர். அதில் வரைந்த இடம் கீழே உள்ளதை மறைக்கும். வரையாத இடத்தின் வழியே கீழே உள்ளது தெரியும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே படம். ஆனால் ஒவ்வொன்றையும் தனியே நகர்த்தலாம், அழிக்கலாம், மறைத்து வைக்கலாம்.

ஆங்கிலத்தில் 'லே' என்னும் வினைக்கு நம் 'இடு' நெருங்கிய இணை. அதனுடன் விகுதி சேர்ந்து பிறந்த லேயர், முதலில் இடுபவரைக் குறித்தது. கல் பாவுபவர் அப்படித்தான் அழைக்கப்பட்டார். பின்னர் அவர் இட்ட பொருளின் ஒரு வரிசைக்கும் அதுவே பெயரானது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழியை லேயர் கோழி என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்: முட்டை இடுவது.

ஓவியத்தில் இந்தக் கருத்து கணினிக்கு முன்பே இருந்தது. கையால் வரைந்த அசைபடங்களில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் பின்னணியைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட், பாத்திரங்களைத் தெளிந்த செல்லுலாய்டு தாளில் வரைந்து அசையாத பின்னணியின்மேல் வைக்கும் முறைக்கு 1914இல் காப்புரிமை கோரி 1915இல் பெற்றார். அந்தத் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். வண்ணம் சற்றே கோட்டுக்கு அடியில் நுழைந்தாலும் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. கோடு மேலே, நிறம் கீழே என்று இன்று சொல்லித்தரப்படும் முதல் விதிக்கு இதுவே மூத்த வடிவம். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்.

இனி தமிழ்ச் சொல். நான்கைந்து சொற்கள் போட்டியிடுகின்றன. மூலப்பொருளை அப்படியே பின்பற்றினால் 'இடுகை' பொருத்தம்தான். ஆனால் அது இணையத்தில் எழுதி ஏற்றுவதற்கு நிலைத்துவிட்டது. 'தளம்' என்றால் இணையதளம் நினைவுக்கு வரும். 'ஏடு' அழகான சொல். பாலின்மேல் படிவதும் ஏடு, பனையோலையும் ஏடு. இன்றோ அது நாளேடு, பதிவேடு என்று எழுத்தின் பக்கம் போய்விட்டது. 'படலம்' ஓசோன் படலத்தால் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் படலம் தானாகப் படிந்து ஒட்டிக்கொள்வது. கண்ணில் விழும் படலத்தை நினைத்த நேரத்தில் எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது.

'அடுக்கு' தான் சரி. அடு என்றால் நெருங்கியிரு. அடுத்த, அடுத்தவர் என்பவற்றின் வேரும் அதுவே. ஒன்றை அடுத்து ஒன்று என்ற வரிசை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெயராகவும் வினையாகவும் வரும். அடுக்கிய பானைகளில் ஒன்றை எடுக்கலாம், மேலுள்ளதைக் கீழே மாற்றலாம். ஒரு சிறு குழப்பம் உண்டு: மொத்தக் குவியலையும் அடுக்கு என்போம், அதில் ஒன்றையும் அடுக்கு என்போம். பட்டியல் முழுவதையும் 'அடுக்குவரிசை' என்று சொல்லிவிட்டால் அது தீர்ந்துவிடும்.

பள்ளி இலக்கணம் இங்கே அருமையாகக் கைகொடுக்கிறது. 'வா வா வா' அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொரு 'வா'வுக்கும் பொருள் உண்டு. 'சலசல' இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் இல்லை. படத்தின் அடுக்குகள் தனித்தனியாக இருக்கும்வரை அது அடுக்குத்தொடர். இணைத்துவிட்டால் இரட்டைக்கிளவி, பிறகு கோட்டை நிறத்திலிருந்து பிரிக்க முடியாது. சுவரோவியத்தில் அப்படிப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்த வேண்டியிருந்தது. திரையில் அதே வேலை ஒரு தட்டலில் முடியும், அடுக்குகளைப் பிரித்தே வைத்திருந்தால்.

தொடக்கநிலைக்கு ஐந்து அடுக்குகள் போதும். மேலிருந்து கீழாக: கோடு, ஒளி, நிழல், அடிநிறம், பின்னணி. முதலில் மாதிரிக்கோட்டைத் தனி அடுக்கில் வரைந்து, அதன் ஒளிபுகாமையை, அதாவது ஒப்பாசிட்டியை, 25 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். அதற்கு மேலே புதிய அடுக்கு திறந்து இறுதிக்கோட்டை இழுங்கள். முடிந்ததும் மாதிரியை மறைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். இரண்டையும் ஒரே அடுக்கில் வரைந்துவிட்டு மாதிரியை மட்டும் அழிக்கப் போராடுவது தொடக்கத்தில் அடிக்கடி நேரும் தவறு.

அடிநிறம் நிரப்பும்போது கோட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழை எஞ்சும். கோட்டின் விளிம்பு முழுக் கறுப்பல்ல. பாதி ஊடுருவும் புள்ளிகளால் மென்மையாக்கப்பட்டது. நிறம் நிரப்பும் கருவியான வாளி அந்தப் புள்ளிகளைக் கோடு என்று எண்ணி நின்றுவிடுகிறது. வாளியின் அமைப்பில் 'விரிவு' என்ற பொருள்படும் அளவை 2 பிக்சலாக, அதாவது இரண்டு திரைப்புள்ளியாக, வைத்து, கோட்டடுக்கைப் பார்த்து அடிநிற அடுக்கில் நிரப்பச் சொன்னால் நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்துவிடும். மொத்தத் திரையும் ஒரே நிறமாகிவிட்டால் கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்து அடையுங்கள்.

ஓர் அடுக்கின் நிறம் கீழே உள்ள நிறத்தோடு எப்படிச் சேர வேண்டும் என்று சொல்வது கலப்புமுறை. நிழல் அடுக்கில் அதை மல்டிப்ளை ஆக்குங்கள். தமிழில் பெருக்கல், உண்மையிலேயே அது பெருக்கல்தான். கணினிக்கு ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். மேல் நிற எண்ணையும் கீழ் நிற எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. சிவப்பு 224, பச்சை 172, நீலம் 140 கொண்ட தோல்நிறத்தின்மேல் 190, 170, 210 என்ற வெளிறிய ஊதாவைப் பெருக்கினால் 167, 115, 115 கிடைக்கும்: உயிர்ப்புள்ள செம்பழுப்பு நிழல். ஊதாவுக்குப் பதில் சாம்பலை வைத்தால் தோல் அழுக்கேறியதுபோல் தெரியும், ஏனென்றால் மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் குறைந்து நிறச்சாயல் மாறாமல் இருண்டுவிடுகிறது. வெள்ளையின் மூன்று எண்களும் 255 என்பதால் அதைப் பெருக்கினால் கீழே உள்ளது அப்படியே தெரியும். காகிதத்தில் வரைந்து படமெடுத்த கோட்டை மேலே வைத்துப் பெருக்கலாக்கினால் வெண்தாள் மறைந்து கோடு மட்டும் நிற்பது இதனால்தான். தாள் சாம்பலாகப் பதிந்திருந்தால் முதலில் அதை வெளுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் எல்லா நிறமும் மங்கும்.

நிழல் உருவத்துக்கு வெளியே வழியாமலிருக்க கிளிப்பிங் உதவும். கீழ் அடுக்கில் நிறம் உள்ள இடத்தில் மட்டும் மேல் அடுக்கு தெரியும். 'கவ்வடுக்கு' என்று சொல்லலாம். கீழுள்ளதைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. கிரிட்டாவில் வழி சற்று வேறு: அடிநிறத்தையும் நிழலையும் ஒரு குழுவுக்குள் வைத்து, நிழல் அடுக்கின் ஆல்ஃபா (ஊடுருவும் அளவு) குறியைத் தட்ட வேண்டும். குழுவுக்குள் வைக்காவிட்டால் நிரம்பிய பின்னணியும் கணக்கில் சேர்ந்து, நிழல் எல்லா இடத்திலும் வழியும்.

அடுக்குக்கு விலை உண்டு, அது நினைவகம். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கொண்ட ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் முழுக்க நிரம்பிய ஓர் அடுக்கு சுமார் 35 எம்பி. முப்பது அடுக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். புரோகிரியேட் பெரிய தாளுக்குக் குறைவான அடுக்குகளையே அனுமதிப்பது இதனால்தான். 'லேயர் 1', 'லேயர் 2' என்றே விடாமல் முடி, தோல், சட்டை என்று பெயரிட்டால் தேவையற்றவை தானாகக் கண்ணில் படும், நீக்கலாம்.

சேமிக்கும்போது கவனம் தேவை. ஜேபெக் எல்லா அடுக்கையும் தட்டி ஒன்றாக்கிவிடும். பிஎன்ஜி ஊடுருவும் இடத்தைக் காக்கும், அடுக்கைக் காக்காது. கேஆர்ஏ (கிரிட்டா), பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) போன்ற செயலிக்கோப்பில் ஒரு படி வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள்.