நின்றுபோன லிஃப்டைத் திட்டாதீர்கள்

லிஃப்டில் ஏறும்போது கயிறு அறுந்துவிடுமோ என்று நினைக்காதவர்கள் குறைவு. மேல்மாடியிலிருந்து பெட்டி அப்படியே கீழே விழும் காட்சி எல்லோர் மனத்திலும் ஒருமுறையாவது ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பயத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பொறியாளர்கள் அடுக்கடுக்காக ஏற்பாடுகள் செய்துவைத்திருக்கிறார்கள். உண்மையான ஆபத்து கயிற்றைவிடக் கதவில் அதிகம். அந்தக் கதவு விஷயத்தில் அலுவலகங்களில் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான் உயிரைக் காக்கின்றன, எடுக்கவும் செய்கின்றன.

முதலில் கயிற்றுப் பயத்தைத் தீர்த்துவிடலாம். லிஃப்ட் ஒரே கயிற்றில் தொங்குவதில்லை. மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கயிறுகள் மூன்றோ அதற்கு மேலோ பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அவற்றின் மொத்த வலிமை, தாங்க வேண்டிய எடையைப்போலக் கிட்டத்தட்ட 12 மடங்கு இருக்கும்படி கணக்கிடுவது வழக்கம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத் தெளிவாக எழுதிவைத்தது: ஆள் ஏறும் லிஃப்டுக்குக் குறைந்தது இரண்டு கயிறுகள் வேண்டும்; ஒவ்வொன்றும் தனியாகவே பெட்டியையும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும்; கயிறுகள் அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த ஒரு சாதனம் இருக்க வேண்டும்.

அந்தச் சாதனத்துக்கு மின்சாரமே தேவையில்லை. மெஷின் ரூமில், பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில், யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கவர்னர் என்பார்கள். அதன்மேல் ஓடும் மெல்லிய தனிக் கயிறு பெட்டியோடு கட்டப்பட்டிருக்கும். பெட்டி நகர்ந்தால் சக்கரம் சுற்றும். வேகம் அளவைத் தாண்டினால், அதாவது வழக்கமான வேகத்தைவிடச் சுமார் 15 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால், சக்கரத்துக்குள் இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் விரிந்து முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு தாடை அந்த மெல்லிய கயிற்றைக் கவ்வும். கயிறு நின்றுவிட்டது, பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பில் பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆப்புகள் எழும்பி, இருபுறத் தண்டவாளங்களையும் இறுகப் பற்றிக்கொள்ளும். கயிறு அறுந்தாலும் பெட்டி விழாது என்பதை எலிஷா ஓட்டிஸ் நியூயார்க் கண்காட்சியில் கூட்டத்தின் முன்னால் செய்து காட்டியது 1854-இல். அவருடைய கருவி இன்றையதைவிட எளிமையானது, எண்ணம் ஒன்றே.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. பிரேக் பழுதானால் லிஃப்ட் கீழேதான் விழும் என்று இல்லை. மேலே போகலாம். பெட்டிக்கு மறுபக்கம் ஓர் எதிர் எடை தொங்குகிறது. வெறும் பெட்டியின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்தால் வருவது அதன் எடை. மோட்டார் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை, வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஒரே ஒருவர் பெட்டியில் நிற்கும்போது எதிர் எடைதான் கனம். பிரேக் பிடிக்காவிட்டால் எதிர் எடை இறங்கும், அவர் மேலே போவார். இறக்கத்தைப் பிடிப்பதற்கென்று வைத்த ஆப்புகள் ஏற்றத்தைப் பிடிக்காது. அதனால்தான் புதிய லிஃப்டுகளில் மேல்நோக்கிய வேகத்துக்கும் தனியாக ஒரு தடுப்பு வைக்கிறார்கள். பழைய லிஃப்ட் ஓடும் கட்டடங்களில் பராமரிப்பு வேலையில் முதலிடம் பிரேக்குக்குத்தான்.

பிரேக்கின் அமைப்பும் அழகானது. ஸ்பிரிங் பிடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்தால்தான் விடும். கரண்ட் போனால் தானாகவே பிடித்துவிடும். பவர் கட் ஆனதும் லிஃப்ட் நடுவில் நிற்பது கோளாறு இல்லை, அதைக் கட்டியவர்கள் விரும்பியதே அது. மின்தடையின்போது ஆளை மீட்கப் பேட்டரியில் ஓடும் ஏஆர்டி என்ற கருவி வைத்திருந்தால் சில நொடிகளில் பக்கத்து மாடிக்கு மெதுவாகப் போய்க் கதவைத் திறந்துவிடும்.

இனி கதவுக்கு வருவோம்.

ஆட்டோமேட்டிக் லிஃப்டில் மோட்டார் இருப்பது பெட்டியின் கதவுக்கு மட்டும்தான். மாடியில் நாம் பார்க்கும் வெளிக்கதவுக்குச் சொந்த மோட்டார் கிடையாது. பெட்டி வந்து நேராக நின்றதும் உள்கதவு வெளிக்கதவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திறக்கும். கதவு மூடியதும், பெட்டி கிளம்பும் முன்பே, வெளிக்கதவின் மேலே ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். கொக்கி பட்டும் படாமலும் விழுந்தால் போதாது. குறைந்தது 7 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே இறங்க வேண்டும் என்பது தரநிலை. அப்படி இறங்கினால்தான் பக்கத்திலிருக்கும் மின்தொடர்பு கூடும்.

பத்து மாடி என்றால் இப்படிப் பத்துப் பூட்டுகள். அவற்றோடு உள்கதவின் தொடர்பு, கவர்னர் சுவிட்ச், மேல்கோடி கீழ்க்கோடி லிமிட் சுவிட்சுகள், லிஃப்ட் ஓடும் பாதையின் அடியிலுள்ள குழிக்குள் இருக்கும் ஸ்டாப் சுவிட்ச் எல்லாம் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருக்கும். கல்யாண வீட்டில் கட்டும் பழைய சீரியல் பல்பு மாதிரி. ஒன்று போனால் மொத்தமும் அணைந்துவிடும். எந்த ஒரு தொடர்பு விட்டாலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்கும், பிரேக் பிடிக்கும். எது விட்டது, ஏன் விட்டது என்று லிஃப்ட் ஆராய்ந்துகொண்டிருக்காது. நின்றுவிடும். அலுவலகத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றால் அந்த வரிசையில் ஏதோ ஒன்று ‘நான் சரியாகப் பூட்டவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் காரணம் சில்லறையாகத்தான் இருக்கும். கதவு ஓடும் அலுமினியக் காடியை ஒருநாள் குனிந்து பாருங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, காகிதத் துணுக்கு, வேர்க்கடலைத் தோல் என்று கிடக்கும். வராந்தாவைக் கூட்டுகிறவர் கடைசித் தூசியைத் தள்ள வசதியான இடம் அந்தக் காடிதான். அது கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மாப் தண்ணீரும் அதற்குள்தான் இறங்குகிறது. தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர், எல்லாக் கேனையும் இறக்கும்வரை கதவு மூடாமல் இருக்க ஒரு கேனைக் கதவிடுக்கில் நிறுத்திவிடுகிறார். கதவு திரும்பத் திரும்ப வந்து கேனில் இடிக்கும். கதவைத் தாங்கும் மேல் ரோலரும் காடிக்குள் ஓடும் அடி ஷூவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பிறகு ஒருநாள் கொக்கி 7 மில்லிமீட்டர் இறங்காது.

கேன் என்றதும் எடையும் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டு லிஃப்டுகளில் நெடுநாளாக ஓர் ஆள் என்றால் 68 கிலோ என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் 8 பேர் என்று எழுதிய லிஃப்ட் 544 கிலோ தாங்கும். 20 லிட்டர் கேன்கள் பத்து ஏற்றினால் அதுவே மூன்று ஆளுக்குச் சமம். ஓவர்லோடு மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்கத்தான் வேண்டும். கயிறுகள் மேலே இருக்கும் சக்கரத்தில் கட்டப்பட்டிருப்பதில்லை. பள்ளத்தில் உட்கார்ந்து உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன; பாரம் மிஞ்சினால் அந்தப் பிடி வழுக்கலாம்.

சரி, திங்கட்கிழமை காலை பத்து மணி, அண்ணா சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். கீழே நாற்பது பேர் வரிசையில். லிஃப்ட் ஓடவில்லை.

“சார், மூணாவது மாடி லாக் கான்டாக்ட் போயிடுச்சு. பார்ட் வரணும். நாளைக்குத்தான் ஆகும்.”

“தம்பி, மேல மீட்டிங் இருக்கு. இப்போதைக்கு எப்படியாவது ஓட வச்சிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த ‘எப்படியாவது’ என்பதற்கு மெஷின் ரூமில் ஒரு பொருள் உண்டு: விரல் நீளத்தில் ஒரு ஒயர்த் துண்டு. ஜம்பர். பழுதான தொடர்பின் இரு முனைகளையும் அது இணைத்துவிட்டால், கதவு பூட்டியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிடும். சோதனையின்போது, கதவுகளைக் காவலில் வைத்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் மெக்கானிக் பயன்படுத்தும் முறைதான் அது. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் இரண்டு கொடுமைகள் நடக்கலாம். பெட்டி நான்காவது மாடியில் இருக்கும்போது, கொக்கி விழாத மூன்றாவது மாடிக் கதவைக் கையால் இழுத்தால் திறந்துகொள்ளும். போனைப் பார்த்துக்கொண்டே காலை வைப்பவருக்குக் கீழே தரை இருக்காது. அல்லது, உள்கதவின் தொடர்பையும் இப்படி இணைத்துவிட்டிருந்தால், ஒருவர் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்போது பெட்டி நகரும். கயிறு அறுந்து விழுவதைப் பற்றிப் பயந்தவர்கள் நாம். ஆளைக் கொல்வது இந்த ஒயர்த் துண்டு. அதைப் போட்டது மெக்கானிக்கின் கை. போடச் சொன்னது அந்த வரிசையின் அவசரமும் மேலாளரின் வாயும்.

அதே வகையைச் சேர்ந்தது வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. செக்யூரிட்டி அண்ணன் இடுப்புச் சாவிக்கொத்தில் அதைப் பார்த்தால் கேளுங்கள், அவருக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்று. பயிற்சி இல்லாத கையில் அது இருக்கவே கூடாது. நடுவில் மாட்டியவரைக் காப்பாற்ற நல்ல மனத்தோடு கதவைத் திறப்பார்; உள்ளே இருப்பவர் பாதி உயரத்திலிருந்து குதிப்பார்; பெட்டியின் அடிக்கும் மாடித் தரைக்கும் நடுவிலுள்ள திறப்பு வழியாகப் பின்பக்கம் சரிந்து, லிஃப்ட் ஓடும் கிணறு போன்ற ஷாஃப்டுக்குள் விழலாம். முறைப்படி, முதலில் மெயின் ஆஃப். பிறகு பயிற்சி பெற்றவர் பிரேக்கைக் கையால் விட்டுவிட்டுப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே கதவு. உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாது, லிஃப்ட் காற்றுப்புகாத பெட்டி இல்லை. அலாரத்தை அழுத்திவிட்டுக் காத்திருப்பதே பத்திரம். தீ விபத்தில் மட்டும் லிஃப்ட் பக்கமே போகக் கூடாது. ஷாஃப்ட் புகைபோக்கியாகிவிடும், மின்சாரம் எந்த நொடியும் போகும்.

பொறுப்பு யாருடையது? ‘ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருக்கிறோமே’ என்பதுதான் அலுவலகங்களில் கிடைக்கும் பதில். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டப்படி, நிறுவ அனுமதியும் இயக்க உரிமமும் வாங்க வேண்டியவர் உரிமையாளர். மின் ஆய்வுத் துறை வந்து பார்ப்பதும் அவருடைய லிஃப்டைத்தான். ஒப்பந்தம் வேலையைக் கைமாற்றும், பொறுப்பைக் கைமாற்றாது. மாதச் சர்வீஸும் ஆய்வும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன தொழிற்சாலைகள் சட்டம், தகுதிபெற்ற ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. கிரீஸ் போட்டவரே தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது சரிவராது என்பதால், ஆய்வை வேறொரு கண் பார்ப்பதுதான் முறை.

மேலாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் பதிவேட்டைப் படிப்பது. கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ‘மூன்றாவது மாடிக் கதவு சரிசெய்யப்பட்டது’ என்று இரண்டு மாதத்தில் மூன்று முறை எழுதியிருந்தால், அது சரியாகவே இல்லை என்று பொருள். பெட்டி தரை மட்டத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கிறது என்ற புகார் பழைய லிஃப்டில் வந்தால் அன்றே பிரேக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கயிற்றைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளுக்குள் துரு தின்கிறது என்று அர்த்தம். நம் கடற்காற்றில் இது சீக்கிரம் வரும்.

கடைசியாக, சென்னைக்கே உரிய ஒன்று. லிஃப்ட் ஷாஃப்டின் அடியில் ஒரு குழி இருக்கிறது. பெட்டி அளவு மீறி இறங்கினால் தாங்கும் பஃபர், கவர்னர் கயிற்றை இறுக்கிவைக்கும் சக்கரம், ஸ்டாப் சுவிட்ச் எல்லாம் அங்கேதான். கட்டடத்தின் மிகத் தாழ்ந்த இடமும் பெரும்பாலும் அதுவே. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவில் நின்ற தண்ணீர் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. கனமழை எச்சரிக்கை வந்ததும் பெட்டியை மேல்மாடிக்கு அனுப்பி, உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, மெயினை அணைத்து, கீழே அறிவிப்பு மாட்டிவிட வேண்டும். தண்ணீர் வடிந்த மறுநாள் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குழியை இறைத்து, சுவிட்சுகளைக் காயவைத்து, கவர்னர் கயிற்றையும் பஃபரையும் மெக்கானிக் பார்த்துப் பதிவேட்டில் எழுதும்வரை, அலுவலகம் மாடிப்படியில்தான் ஏற வேண்டும். முட்டி வலிக்காரருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அந்த நாட்களில் கீழ்த்தளத்திலோ வீட்டிலிருந்தோ வேலை கொடுப்பதும் பராமரிப்புத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதப்பட வேண்டிய வரி.