கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை: பிரசவ அறை வரை போக வேண்டிய முடிவு

ஹெபடைடிஸ் பி என்றதும் நம் பக்கத்தில் “மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போச்சு” என்பார்கள். கர்ப்பிணி விஷயத்தில் அது செல்லாது. கண் மஞ்சளாகாமல், பசி குறையாமல் ஈரலைத் தாக்கும் இந்தக் கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் இருக்கும். ரத்தம் பார்த்தால்தான் தெரியும். இந்தியாவில் நூறு கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் பலவும் சொல்கின்றன.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். முக்கூடலோ பத்தமடையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதியும்போது எடுக்கிற ரத்தத்திலேயே இதையும் பார்க்கச் சொல்லலாம். வீட்டில் கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரிதான்: ஒரு கோடு என்றால் கிருமி இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது.

இருந்தால் பதற வேண்டாம். அடுத்து ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்ப்பார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் போனால் 28-வது வாரம் வாக்கில் கிருமியைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். இதற்காகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் தட்டாமல் போங்கள். இதற்காக மட்டும் ஆபரேஷன் பிரசவம் தேவையில்லை.

முக்கியமான நேரம் பிரசவத்தன்றுதான். பிறக்கும்போது தொற்றிக்கொண்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நாள்பட்ட ஈரல் தொற்றாகத் தங்கிவிடும். அதனால் 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. இது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, தாய்க்குக் கிருமி இல்லாவிட்டாலும். கிருமி உள்ள தாயின் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற, தயார் நிலை எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் இன்னொரு தொடையில் போட வேண்டும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று தள்ளிப்போட இடமில்லை. அப்புறம் 6, 10, 14-வது வாரங்களில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியான வழக்கமான பென்டாவேலன்ட்.

இங்கேதான் நம் வழக்கம் ஒன்று இடிக்கும். பரிசோதனை மாமியார் ஊரில், தலைப்பிரசவம் அம்மா ஊரில். முடிவு எழுதிய தாய்–சேய் அட்டை பழைய ஊர் பீரோவில் கிடந்தால் பிரசவம் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வளைகாப்பு முடிந்து புறப்படும்போதே அட்டையைப் பையில் வையுங்கள். பிரசவ அறையில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, தனித் தம்ளரும் வேண்டாம். ஷேவிங் பிளேடு மாதிரி ரத்தம் படக்கூடியதைத்தான் பகிரக் கூடாது. கணவருக்கும் ரத்தம் பார்த்து, கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.