உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் திறக்கும் கதவு

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, மதியச் சாப்பாடு முடித்து, தனுஷ்கோடி வெயிலில் நிற்கும்போது ஒருவருக்கு வயிற்றைப் பிடுங்கும். மாலைக்குள் நாலைந்து தடவை பேதி. கூட வந்தவர்கள் தண்ணீராகக் கொடுப்பார்கள். ஆனாலும் ஆள் துவண்டுகொண்டே போவார். ஏன்?

குடலுக்குத் தண்ணீரைத் தனியாக இழுக்கத் தெரியாது. உப்பு போகும் வழியில்தான் தண்ணீர் போகும். காலராவில் கிருமியின் நச்சு குடல் செல்களிலிருந்து உப்பை வெளியே கொட்ட வைக்கிறது. தண்ணீரும் பின்னாலேயே கொட்டுகிறது. அப்போதும் ஒரு கதவு கெடாமல் இருக்கும். எஸ்ஜிஎல்டி1 என்ற அந்தப் புரதம் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு உப்பிலுள்ள சோடியத்தின் இரண்டு அயனிகளைச் சேர்த்தே உள்ளே விடும். ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் அந்த வழியில் நுழையாது. இரண்டும் நுழைந்தால் தண்ணீரும் நுழையும்.

1960-ல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை விளக்கினார். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

அந்தக் கரைசலின் இன்றைய வடிவமான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். அளவுதான் உயிர். பாட்டில் குளிர்பானங்கள் பலவற்றில் லிட்டருக்கு நூறு கிராம் அளவுக்குச் சர்க்கரை. அது உடம்பின் தண்ணீரையே குடலுக்குள் இழுத்துவிடும். நம்மூர்ப் பதநீரும் இனிப்பு மிகுந்தது, பேதி நிற்கட்டும், அப்புறம் குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. உப்புப் போட்ட கஞ்சி நல்லது.

இந்தக் கரையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. அதில் பாக்கெட்டைக் கரைத்தால் உப்பு கூடிவிடும். நல்ல தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கே கரையுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

பஸ் பயணத்துக்காகப் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைச் சிலர் போடுகிறார்கள். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அது ஆபத்து. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, பிள்ளை மயங்கிச் சோர்ந்தால் ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ரயிலேறாதீர்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிப் போங்கள், விழுங்க முடிந்தால் வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே.